பிரசவத்துக்கு முன் ஒரு பரிசோதனை

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நாங்கள் இருவரும் நடமாட்டத்தோடு இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் வயிற்றிலிருக்கும் பிள்ளையும் சௌக்கியம் என்று கேட்டால் மனம் நிறையும். ஏழாம் மாதம் கால் வீங்கும், வேலையிடத்தில் நின்றுகொண்டே இருக்காதே. இதைப் போனில் சொல்லியிருக்கலாம்தான், வாயெடுத்தாலே அழுகை வருகிறது, அப்பா வேறு பக்கத்திலேயே நிற்கிறார், அதனால் எழுதுகிறேன், உட்கார்ந்து படி.

என் கையிலும் முதுகிலும் வந்த தடிப்பு உனக்குத் தெரியும். தையல்கூடத்துச் சாயத்துணி ஒத்துக்கொள்ளவில்லை என்று இரண்டு வருஷம் களிம்பு தடவினேன், கையுறை மாட்டிக்கொண்டு காலர் தைத்தேன், மேற்பார்வை பார்க்கிறவள் என்னை டாக்டரம்மா என்றே கூப்பிட ஆரம்பித்துவிட்டாள். போன மாதம் கழுத்திலும் அக்குளிலும் நெறி கட்டியது, வலியில்லை, கரையவுமில்லை. ரத்தம் எடுத்தார்கள். பரிசோதனைக்கூடத்துப் பெண், அணுக்கள் பூவிதழ் மாதிரி பிரிந்திருக்கின்றன என்று தானே மாடியேறிப் போய் டாக்டரிடம் சொல்லியிருக்கிறாள், அவள் அன்றைக்கு அசட்டையாக இருந்திருந்தால் நான் இன்னும் களிம்புதான் தடவிக்கொண்டிருப்பேன். பிறகு ஒரு கிருமியைத் தேடி ஒரு பரிசோதனை, அதை உறுதிசெய்ய வெளியூருக்கு அனுப்பி இன்னொன்று. இருக்கிறது என்று வந்துவிட்டது. சின்ன வயதிலிருந்தே சத்தமில்லாமல் உடம்பில் இருந்ததாம், இப்போதுதான் ரத்தத்தில் ஒருவகைப் புற்றாக வேலையைக் காட்டியிருக்கிறது. “பயப்படாதீங்க, இது மெதுவாப் போற வகை, மூணு மாசத்துக்கு ஒரு தடவை வந்து காட்டுங்க” என்றார் டாக்டர். அப்பாவுக்கும் பார்த்தார்கள், இல்லை. ஊசியைக் கண்டு கண்ணை இறுக்கி மூடிக்கொண்டவர் இப்போது குடம் குடமாய் ரத்தம் கொடுத்த மாதிரி என்னிடமே பீற்றிக்கொள்கிறார்.

கிளம்பும்போது டாக்டர், “பொண்ணுக்குத் தாய்ப்பால் குடுத்தீங்களா?” என்று கேட்டார். ஒன்றரை வயது வரை கொடுத்தேன் என்று ஊரெல்லாம் பெருமையடித்த வாய்தான், அன்றைக்குத் தலையை மட்டும்தான் ஆட்டினேன். பாலோடு போகிற கிருமியாம். “மாசமா இருக்கற பொண்ணுகிட்ட இதச் சொல்லிப் பயமுறுத்தாதே” என்று அப்பா தடுத்தார், நானும் பத்து நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். பிள்ளை பிறந்து நீ பால் கொடுத்த பிறகு சொல்லி என்ன பிரயோஜனம்? எனக்கும் என் அம்மாவிடமிருந்துதான் வந்திருக்கும் என்கிறார்கள். அவள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. உனக்கும் வராது என்று நம்பித்தான் எழுதுகிறேன். பரிசோதனையின் பெயரை டாக்டரே எழுதிக் கொடுத்த சீட்டு இதோடு இருக்கிறது, இந்த வாரமே உன் டாக்டரிடம் காட்டு. உனக்கு இல்லாமலும் இருக்கலாம். இருந்தாலும் பெரும்பாலோருக்கு ஆயுளுக்கும் ஒன்றும் ஆவதில்லையாம், புட்டிப்பால் கொடுத்தால் பிள்ளைக்குப் போவதும் வெகுவாகக் குறைந்துவிடுமாம். பால் கொடுக்காதவள் என்று எவராவது ஒரு வார்த்தை சொன்னால் என்னிடம் பேசச் சொல்.

தலைப்பிரசவம் நல்லபடியாக முடிந்து தாயும் சேயுமாய் நீங்கள் நீடூழி இருக்க வேண்டும். சீட்டைத் தொலைத்துவிடாதே. முடிவு எதுவானாலும் ஒளிக்காமல் சொல்.

எப்போதும் உன் நினைப்பாகவே இருக்கும்
அம்மா

மடிக்கப்போகும்போது அப்பா வந்து வாங்கிப் படித்தார். கிழித்துவிடுவாரோ என்று பயந்தேன். சட்டையை மாட்டிக்கொண்டு, “குடு, நானே போய்த் தபால்ல சேத்துட்டு வரேன்” என்று வாசலில் நிற்கிறார்.