மடங்கும் வீட்டிலிருந்து

அன்புள்ள மகளுக்கு,

நீயும் மாப்பிள்ளையும், இன்னும் முகம் காட்டாத அந்த மூன்றாவது ஆளும் சுகமாக இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே பேனாவை எடுக்கிறேன். நானும் அம்மாவும் நன்றாக இருக்கிறோம். வீடும் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் வீடு இப்போது கடல்மேல் போய்க்கொண்டிருக்கிறது. பதறாதே, வெள்ளம் கிள்ளம் ஒன்றும் இல்லை, முதலிலிருந்து சொல்கிறேன். போன தடவை பேசும்போது பிரசவத்துக்கு அம்மா வருவாளா என்று நீ கேட்டாய், வீட்டில் வேலை இருக்கிறது என்று அவள் சொன்னாள், அப்படியானால் அந்த வேலையையே கட்டிக்கொண்டு இருங்கள் என்று நீ போனை வைத்துவிட்டாய். அதற்கப்புறம் நீயும் கூப்பிடவில்லை, அவளும் கூப்பிடவில்லை, நடுவில் நான் திருதிருவென்று விழித்துக்கொண்டிருந்தேன். அவள் சொன்னது பொய்யில்லை கண்ணு. வேலை நிஜமாகவே இருந்தது. அது எதற்கான வேலை என்பதுதான் பக்கத்திலேயே இருந்த எனக்கும் தெரியாமல் போயிற்று.

அம்மா ஓட்டிய அந்த நீள பஸ் உனக்கு ஞாபகம் இருக்கும், இரண்டு பஸ்ஸைப் பிடித்து நடுவில் துருத்தி மாதிரி ரப்பர் மடிப்பு வைத்து ஒட்டினாற்போல் இருக்குமே, அதுதான். அவள் ஓய்வு பெற்ற கையோடு அதற்கும் ஓய்வு கொடுத்துவிட்டார்கள். பழைய இரும்புக்குப் போக வேண்டியதை இவள் ஏலத்தில் போய் எடுத்துவிட்டாள். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் கடையில் யாரோ ஒருவருடைய சோபாவுக்கு உறை தைத்துவிட்டு மதியம் சாப்பிட வந்தால் நம் வீட்டைக் காணோம். பக்கத்து வீட்டையும் காணோம், அதற்கடுத்த வீட்டையும் காணோம். தெரு முழுக்க ஒரு பஸ்தான் நின்றது. தெரு மாறி வந்துவிட்டேனோ என்று திரும்பி நடந்தேன். முன்கதவு புஸ்ஸென்று திறந்தது, உன் அம்மா எட்டிப் பார்த்து, "என்னங்க, எங்க போறீங்க? இனிமே வீடு இதுதான், ஏறுங்க" என்றாள். எதற்கு என்று கேட்டேன். ஊர் சுற்றலாம் என்றாள். காலமெல்லாம் ஊரைத்தானே சுற்றினாய், இன்னும் போதவில்லையா என்றேன். "அது ஜனங்க சொன்ன ஊர். இது நான் போற ஊர்" என்றாள். அவள் குரலில் அந்தத் தொனி வந்துவிட்டால் நான் மேற்கொண்டு பேசுவதில்லை என்பது உனக்கே தெரியும்.

அதிகம் அவதிப்பட்டது பக்கத்து வீட்டுப் பல் டாக்டர்தான். பஸ்ஸின் நடுக்கதவு சரியாக அவர் வீட்டு வாசலுக்கு நேராக வந்து நின்றதில், அவரிடம் வருகிறவர்கள் எல்லாம் நம்மிடம் ஏற ஆரம்பித்தார்கள். சீட்டுகளைக் கழற்றிவிட்டு முதன்முதலாகக் கட்டிலைப் போட்ட அன்று நான் தலையணை எடுக்கப் போய்த் திரும்பி வருவதற்குள் ஒரு பெரியவர் அதில் மல்லாந்து படுத்து வாயை ஆவென்று திறந்து வைத்திருந்தார். இது வீடு ஐயா என்று சொன்னேன். அவர் வாயை மூடாமலேயே கடைசிக் கடவாய்ப் பல்லைத் தொட்டுக் காட்டினார். அம்மா போய்ப் பார்த்துவிட்டு, "சொத்தை நல்லா ஆழமா இருக்கு, எடுத்துட வேண்டியதுதான்" என்று சொல்லி அனுப்பிவைத்தாள். டாக்டரும் அதையேதான் சொன்னாராம். அதிலிருந்து அந்தப் பெரியவர் அம்மாவைக் கண்டால் வணக்கம் வைக்கிறார், டாக்டர் வைப்பதில்லை.

உள்வேலைக்கு ஒரு வெல்டிங்காரரைப் பிடித்தோம். திறமையான ஆள், ஆனால் எதையோ பறிகொடுத்தவர் மாதிரி முகம். முதல் நாளே தலையில் கை வைத்துக்கொண்டு, "சார், வீடுன்னா வளையக் கூடாது சார். வளைஞ்சா அது வேற ஏதோ" என்றார். பிடிக்கம்பிகளை அறுத்துவிடலாம் என்று நான் சொன்னேன், அம்மா விடவில்லை. ஓடுகிற வீட்டில் பிடித்துக்கொள்ள ஏதாவது வேண்டாமா என்றாள். அது சரியாகவும் போயிற்று, மேலே தொங்கும் பிடிவார்களில் இப்போது கரண்டி, துண்டு, என் கத்தரிக்கோல் எல்லாம் தொங்குகின்றன. முன்பாதியில் படுக்கை, பின்பாதியில் அடுப்படி, கடைசியில் குளியலறை. குளியலறை விளக்கைப் போட்டால் டிரைவர் சீட்டுப் பக்கத்தில் மணி அடிக்கும். எந்த ஒயர் எங்கே போகிறது என்று வெல்டிங்காரருக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. நான் குளிக்கப் போகும்போதெல்லாம் அம்மா பழக்கதோஷத்தில் பிரேக் போட்டுவிடுகிறாள், சோப்பு ஒரு பக்கம் நான் ஒரு பக்கம். நடுவில் துருத்தி இருக்கும் இடத்தில் கீழே ஒரு வட்டத் தட்டு உண்டு, பஸ் திரும்பும்போது அதுவும் திரும்பும். சும்மா கிடக்கிற இடமாயிற்றே என்று என் தையல் மிஷினை அங்கே போட்டேன். துணி அலமாரியையும் அங்கேயே இரண்டு பாதிக்கும் குறுக்காக வைத்து அடிக்கச் சொன்னேன். வெல்டிங்காரர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார், ஆனால் சொன்னபடி அடித்துக் கொடுத்தார். தெருமுனையில் அம்மா முதல் திருப்பம் திருப்பியதுமே அலமாரி அழகாக இரண்டாகப் பிளந்தது. என் சட்டைகள் முன்பாதியோடு அடுத்த தெருவுக்குப் போய்விட்டன, வேட்டிகள் பின்பாதியோடு பழைய தெருவிலேயே நின்றன. நான் மிஷினோடு நடுவில் சுற்றிக்கொண்டிருந்தேன். அன்றைக்கே மிஷினைப் பின்பாதிக்கு மாற்றிவிட்டேன்.

அப்படித்தான் போன வாரம் கிளம்பினோம். பழைய வீட்டுச் சாவியைப் பல் டாக்டரிடம் கொடுத்தபோது மனிதர் சந்தோஷத்தில் எங்களுக்கு இரண்டு பிரஷ் கொடுத்து வழியனுப்பினார். ஆனால் ஊரைத் தாண்டுவது அவ்வளவு லேசாக இல்லை. பஸ் நெற்றியில் இருக்கும் பலகை 'மருத்துவமனை வழி மத்திய நிலையம்' என்பதிலேயே சிக்கிக்கொண்டது, என்ன திருகினாலும் மாறவில்லை. அதைவிடப் பெரிய சிக்கல் உன் அம்மாவின் கை. நிறுத்தத்தைக் கண்டால் அந்தக் கை தானாகவே வண்டியை ஓரங்கட்டிக் கதவைத் திறந்துவிடுகிறது. நிறுத்தாதே என்று நான் பின்னாலிருந்து கத்துகிறேன், "நான் எங்கங்க நிறுத்தினேன், அதுவா நின்னுச்சு" என்கிறாள். ஜனங்கள் ஏறுகிறார்கள். ஏறி, கட்டிலைப் பார்க்கிறார்கள், ஒரு கணம் யோசிக்கிறார்கள், அப்புறம் கட்டிலில் உட்கார்ந்துவிடுகிறார்கள். ஒருத்தராவது இது என்ன என்று கேட்க வேண்டுமே! பள்ளிக்கூட டீச்சர் ஒருத்தி அடுப்பில் பால் பொங்குவதைப் பார்த்து இறக்கி வைத்துவிட்டு, தான் இறங்கும் இடம் வந்ததும் குளியலறை விளக்கைப் போட்டு மணியடித்து இறங்கிப் போனாள். அது அவளுக்கு எப்படித் தெரிந்தது என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. ஓர் அம்மாள் மட்டும் போன வருஷத்தைவிட இப்போது பஸ் எவ்வளவோ மேல், சர்க்கார் நம்மைப் பற்றியும் நினைக்கிறது என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

எல்லோரும் இறங்கிவிட்டார்கள் என்று நினைத்து நெடுஞ்சாலையைப் பிடித்தோம். வெகுதூரம் போன பிறகுதான் மிச்சம் வைத்திருந்த ஒரே பழைய சீட்டில் குடையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஒருவர் தூங்குவதைப் பார்த்தேன். ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் இடத்தில் வேலை பார்க்கிறவராம், வருஷக்கணக்காக அம்மாவின் பஸ்ஸில்தான் வேலைக்குப் போனாராம். எழுப்பி விஷயத்தைச் சொன்னதும் சண்டைக்கு வருவார் என்று நினைத்தேன். ஜன்னல் வழியே வயல்வெளியைப் பார்த்துவிட்டு, "இத்தனை வருஷத்துல அம்மா என்னை ஒரு நாள்கூட லேட்டாக்குனது இல்ல. இன்னிக்கு ஒரு நாள் ஆகட்டும்" என்றார். வீட்டுக்குப் போன் போட்டுக் கொடுத்தேன், அவருடைய சம்சாரம் குடையை மட்டும் தொலைக்காமல் கொண்டுவந்தால் போதும் என்று சொல்லிவிட்டாள். திரும்பவும் தூங்கிவிட்டார். அவரும் எங்களோடு துறைமுகம்வரை வந்தார்.

துறைமுகத்துக்கு ஏன் போகிறோம் என்று நான் கேட்டதற்குக் கடலைப் பார்க்கலாம் என்றுதான் அம்மா சொன்னாள். அங்கே போனதும் வண்டிகளை ஏற்றிக்கொண்டு போகும் கப்பல் நிற்கும் வரிசையில் கொண்டுபோய் நிறுத்தினாள். கப்பல் பலகையில் நீ இருக்கும் ஊருக்குப் போகும் வழித்தடம் போட்டிருந்தது. அப்போதுதான் கண்ணு எனக்கு உறைத்தது. நான் அவள் பக்கத்தில் போய் நின்றேன். ஸ்டீயரிங்கைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அவ ரெண்டு தடவை பிளேன் டிக்கெட் அனுப்பினா. அடுத்தவங்க ஓட்டுற எதுலயும் என்னால உக்கார முடியலங்க. ஆட்டோல உக்காந்தாலே நெஞ்சு அடைக்குது. பெத்த பொண்ணுகிட்ட, நாலு பேரை ஏத்திக்கிட்டு காலம்பூரா வண்டி ஓட்டினவ, எனக்கு வண்டில வர பயமா இருக்குன்னு எப்படிச் சொல்வேன்?" இதுதான் அம்மா. வேறொருவர் வண்டியில் ஏறினால் அவள் கால் தரையில் பிரேக்கைத் தேடுவதை நீயும் நானும் எத்தனை தடவை கேலி செய்து சிரித்திருக்கிறோம். பயம் என்று நமக்குத் தோன்றவே இல்லை.

அளக்கிற டேப்போடு ஓர் அதிகாரி அம்மாள் வந்து பஸ்ஸை முன்னும் பின்னும் அளந்தாள். நீளம் கூடுதல், ஏற்ற முடியாது என்றாள். அம்மா இறங்கிப் போய், நீளத்தை நேராகத்தான் அளக்க வேண்டுமா என்று கேட்டாள். அந்த அம்மாள் குழம்பிப்போய்ச் சட்டப்புத்தகத்தைப் புரட்டினாள். "நீளம்னுதான் போட்டிருக்கு. நேரான்னு போடல" என்று கடைசியில் அவளே ஒப்புக்கொண்டாள். ஆக, கப்பலின் அடித்தட்டில் முழங்கையை மடக்கி வைத்தாற்போல் மடக்கி நிறுத்தினால் இடம் போதும் என்று முடிவாயிற்று. எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் நினைத்தேன். கப்பலுக்குள் போகும் சரிவில் முன்சக்கரம் ஏறியதும் பஸ் நின்றுவிட்டது. அம்மாவின் முகம் வெளுத்துப்போயிருந்தது. கப்பலையும் யாரோதானே ஓட்டுகிறார்கள்! பின்னால் லாரிக்காரர்கள் ஹாரன் அடிக்கிறார்கள். குடைக்காரர் எழுந்து வந்து, "நான் தினம் உங்க பஸ்ல தூங்கிட்டே வருவேம்மா, யாரு ஓட்டுறாங்கன்னு நிமிர்ந்து பாத்தது இல்ல, அப்படி உக்காந்துட்டா பயமே தெரியாது" என்று ஆறுதல் சொன்னார். "உங்களுக்கென்ன, ஓட்டினது நானு, நீங்க தூங்குனீங்க. இப்ப ஓட்டப்போறது யாருன்னே தெரியலியே" என்றாள். நான் வாயில் வந்ததைச் சொன்னேன். நீ உன் சீட்டைவிட்டு இறங்காதே, கப்பல் அதுபாட்டுக்குப் போகட்டும், நீ உன் பஸ்ஸை ஓட்டு என்றேன். அம்மா ஜன்னல் வழியே தலையை நீட்டி, இன்ஜினை அணைக்க வேண்டுமா என்று அதிகாரி அம்மாளைக் கேட்டாள். கண்டிப்பாக அணைக்க வேண்டும் என்றாள் அவள். ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொள்ளலாமா என்று அம்மா கேட்டாள். அது உங்கள் இஷ்டம் என்றாள். குடைக்காரர் இறங்கிக்கொண்டு கையசைத்தார், நாங்கள் ஏறிவிட்டோம்.

ஏறிய நேரத்திலிருந்து அவள் சீட்டில்தான் இருக்கிறாள். சாப்பாட்டைக்கூட மடியில் வைத்துக்கொண்டு ஒரு கையால் சாப்பிட்டாள், மறு கை ஸ்டீயரிங்கில். மாலுமிகள் முதலில் சிரித்தார்கள், இப்போது போகிற வருகிறவர்கள் எல்லாம் டிரைவரம்மா வழி சரியா என்று கேட்டுவிட்டுத்தான் போகிறார்கள்.

நாளை மறுநாள் கரை சேருவோம் என்கிறார்கள், அங்கிருந்து உன் வீடு தரைவழிதான். இந்தக் கடிதத்தைக் கப்பல் நடுவில் தொடும் துறையில் போட்டுவிடுகிறேன், எங்களுக்கு முன்னால் வந்து சேர்ந்தால் அது தபால்காரர்களின் கெட்டிக்காரத்தனம். அம்மாவிடம் எதற்கு இப்படி வந்தாய் என்று மட்டும் கேட்டுவிடாதே, வந்தாயா என்று கேள், போதும். பயம் விஷயம் நான் சொன்னதாகவும் காட்டிக்கொள்ளாதே. மாப்பிள்ளையைப் பக்குவமாகத் தயார் செய்து வை. முக்கியமாக ஸ்டூல்மேல் ஏறித் திரைச்சீலை மாட்டுகிற வேலையெல்லாம் வேண்டாம், குழந்தை அறைக்கு நான் தைத்துக் கொண்டுவருகிறேன். தண்ணீர் நிறையக் குடி, கால் வீங்கினால் உடனே டாக்டரைப் பார்.

பஸ்ஸை மடக்கி நிறுத்தியிருப்பதில் ஒரு நன்மை. பின்பாதியில் மிஷின்மேல் காகிதத்தை வைத்து எழுதிக்கொண்டே ஜன்னல் வழியாக முன்பாதியில் இருக்கும் அம்மாவின் முகத்தை என்னால் பார்க்க முடிகிறது. வேலையில் இருந்த காலத்தில் அவள் முதுகைத்தான் பார்த்திருக்கிறேன். கண்ணைச் சுருக்கி எதிரே இருக்கும் இரும்புச் சுவரைச் சாலை மாதிரி பார்த்துக்கொண்டிருக்கிறாள். இதோ இந்த வரியை எழுதும்போது இடது பக்க இண்டிகேட்டரைப் போட்டிருக்கிறாள். மிஷின்மேல் இருக்கும் தண்ணீர் டம்ளர் மெல்ல ஒரு பக்கமாக நகர்கிறது, கப்பலும் இடதுபக்கம்தான் திரும்புகிறது.

நீங்கள் மூவரும் நோய் நொடி இல்லாமல் நிறைவாக இருக்க வேண்டும்.

பின்பாதியிலிருந்து,
உன் அப்பா