கடைசி இரண்டு நிமிடம்

அண்ணே,

இன்று காலை பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து கிள்ளான் போகும் ரயிலில் பக்கத்தில் இருந்தவர் நெஞ்சில் தைலம் தேய்த்துக்கொண்டார். அந்த வாடை பட்டதும் உன் மேல் கோபம் வந்தது. போனவர் மேல் கோபப்படக் கூடாது என்கிறார் அண்ணி. நான் படுகிறேன்.

அந்தத் திங்கட்கிழமை காலை பண்டமாரானில் உன் வீட்டு டிவியில் அமெரிக்கக் கால்பந்து ஓடிக்கொண்டிருந்தது. துறைமுகத்தில் நைட் ஷிப்ட் முடித்து வந்தும் தூங்காமல் பார்த்துக்கொண்டிருந்தாய். உன் அணி நான்கு புள்ளி முன்னிலை, பந்து எதிரணியிடம். உன் சட்டைக்குள் தைலம், நெற்றியெல்லாம் வேர்வை.

“கையும் வலிக்குதாண்ணே?”

“வயித்துக் காத்துதான்லா. சரியாயிடும்.”

“காரை எடுக்குறேன். ஆஸ்பத்திரிக்குப் போவோம்.”

“கேம் முடியட்டும்மா. ரெண்டே நிமிஷம்.”

அந்த ஆட்டத்தில் இரண்டு நிமிடம் என்றால் என்னவென்று எனக்கு அப்போது தெரியாது. உனக்குத் தெரியும். பந்தோடு ஒருவன் கோட்டுக்கு வெளியே ஓடினால் கடிகாரம் நிற்கும். எறிந்த பந்து தரையில் விழுந்தால் நிற்கும். நடுவில் விளம்பரம் வேறு. கால் மணிக்கு மேல் இழுக்கும். தெரிந்தேதான் சொன்னாய்.

உன் ஆட்கள் பின்னால் தள்ளி நின்றே காத்தார்கள். எதிரணி சின்னச் சின்னதாக எறிந்து எல்லைக்கோட்டருகே வந்துவிட்டது. வந்ததும் கடிகாரத்தை ஓடவிட்டது, தான் புள்ளி எடுத்த பிறகு உங்களுக்கு நேரமே மிஞ்சக் கூடாதென்று. அதை நிறுத்த உங்கள் கோச்சிடம் டைம் அவுட் மூன்றும் அப்படியே இருந்தன.

“டைம் அவுட் கூப்பிடுலா. எதுக்குடா மிச்சம் வைக்கிற?” நெஞ்சைப் பிடித்துக்கொண்டு டிவியைத் திட்டினாய். அவன் கூப்பிடவில்லை. தோற்றீர்கள்.

அதன் பிறகுதான் “போலாம்மா” என்று எழுந்தாய். சாலையில் கன்டெய்னர் லோரிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டோம். ஹாரனிலிருந்து நான் கையை எடுக்கவேயில்லை. ஆஸ்பத்திரி வாசலில் கூப்பிட்டபோது நீ பதில் சொல்லவில்லை. “கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா...” என்று ஆரம்பித்த டாக்டர் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

எங்கேயோ இருக்கும் ஒரு கோச் நேரத்தை வீணாக்கினான் என்று அத்தனை திட்டு திட்டினாயே, உன்னை யார் திட்டுவது? நான்தான் திட்டுகிறேன். ரயிலில், குளிக்கும்போது, உன் படத்துக்குப் பூ வைக்கும்போதும்.

போன மாதம் அண்ணி நெஞ்சு எரிகிறது என்றார். “சோறு வடிச்சிட்டு வரேன், இரு” என்றார். நான் அடுப்பை அணைத்து, கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். எல்லாம் பார்த்துவிட்டு, வெறும் அசிடிட்டி என்றார்கள். திரும்பி வரும் வழியெல்லாம் அண்ணி என்னைத் திட்டிக்கொண்டே வந்தார், அரைவேக்காட்டுச் சோறு வீணாகிவிட்டதென்று. பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து திட்டிக்கொண்டிருந்தார், அண்ணே. வீடு வரும்வரை அதைக் கேட்டுக்கொண்டே ஓட்டினேன்.