முதல் சாயாவும் வியட்நாம் கொள்கையும்

அத்தா,

இன்று காலை நம் சந்தில் சேட்டின் கிடங்கில் வியட்நாம் மிளகு மூட்டை ஒன்றைப் பிரித்தார்கள். நெடி நம் கடைவரை வந்தது. மூன்று தும்மல் போட்டேன். "நம்ம வயநாட்டு மிளகுன்னா ஒரே தும்மல்ல விஷயம் முடிஞ்சிரும். இது இழுத்து இழுத்துப் பேசும்" என்பீர்கள்.

நம் கொச்சி மட்டாஞ்சேரி பஜாரில் வியட்நாம் என்பது ஒரு வசவு. அங்கிருந்து மிளகு வந்தால் இங்கே விலை விழும். அப்படிப்பட்ட சந்தில் சாயாக்கடை வைத்துக்கொண்டு வியட்நாமைப் புகழ்ந்த ஒரே ஆள் நீங்கள்தான். உங்களுக்கு வாசிக்கத் தெரியாது, பேச வரும். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்ட எனக்கு வாசிக்கத் தெரியும், பேச வராது. அதனால் நான் பேப்பர் படிப்பேன், அபிப்பிராயத்தை நீங்கள் சொல்வீர்கள்.

ஒரே வருஷத்துக்குள் அமெரிக்கத் தலைவர், சீனத் தலைவர், ரஷ்யத் தலைவர் மூவரும் அங்கே போய் விருந்து சாப்பிட்டார்கள் என்று படித்தபோது அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தீர்கள். "மூணு பேரும் ஒருத்தனை ஒருத்தன் முறைக்கிறவனுங்க. மூணு பேருக்கும் சோறு போட்டிருக்கான் பாரு! இன்னொரு தடவ படி."

அவர்களுக்கு நான்கு 'இல்லை' உண்டு என்றும் படித்தேன். ராணுவக் கூட்டு இல்லை. ஒரு நாட்டுக்கு எதிராக இன்னொன்றோடு சேர்வதில்லை. அந்நியப் படைத்தளம் இல்லை. பலப்பிரயோகம் இல்லை. அன்று மாலையே அது நம் கடைச் சட்டமாயிற்று. படைத்தளம் என்றால் நம் பெஞ்சுக்கு அடியில் கிடங்குக்காரர்கள் மூட்டை வைப்பது. நான்காவதற்கு நீங்கள் சிரமப்படவே இல்லை, உங்கள் நோஞ்சான் உடம்பு அப்படி.

சட்டம் தேவைப்பட்டது. சந்தின் இந்தப் பக்கம் வர்கீஸ் முதலாளி, அந்தப் பக்கம் சேட். இருவருக்கும் மிளகு வியாபாரம், இருவருக்கும் பேச்சு வார்த்தை இல்லை. காலையில் முதல் சாயா யாருடைய மேசைக்குப் போகிறதோ அவருக்குத்தான் அன்று முதல் வியாபாரம் என்று சந்து முழுக்க நம்பிக்கை. நம் சாயாவில் பாதி அவர் கிடங்குக்கும் பாதி இவர் கிடங்குக்கும் போகிறது. ஒருவர் கோபித்தால் கடையே இல்லை.

அதனால் நீங்கள் ஒரு டம்ளருடன் அங்கே, நான் ஒரு டம்ளருடன் இங்கே. ஒரே நேரத்தில் படியேறி, ஒரே நேரத்தில் மேசையில் வைக்க வேண்டும். ஒரு நாள் கைவண்டி குறுக்கே வந்து நீங்கள் நின்றுவிட்டீர்கள். நான் தலை நிமிராமல் போய் வைத்துவிட்டேன். சேட் மூன்று நாள் சாயாவைத் திருப்பி அனுப்பினார். மூன்று நாளும் அதை நீங்களே குடித்துவிட்டு, "இதுக்குப் பேர் பொருளாதாரத் தடை" என்றீர்கள்.

இவர்களில் யார் அமெரிக்கா, யார் சீனா என்று கேட்டேன். "சொன்னா ஒரு பக்கம் சேர்ந்த மாதிரி ஆயிரும்" என்று கடைசிவரை சொல்லவில்லை. சொல்லாமலே போய்விட்டீர்கள்.

உங்கள் நாற்பதாம் நாள் முடிந்ததும், "பொட்டப்புள்ள, வாயத் தொறக்காது. கடையக் கொடுத்துருவோம்" என்றார் மாமா. ஒரு வாரம் பார்க்கலாம் என்றாள் அம்மா.

முதல் நாள் காலை தட்டில் இரண்டு டம்ளர், ஆள் நான் ஒருத்தி. இரண்டு வாசலிலும் இருவரும் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"மோளே, இன்னிக்கு ஆர்க்காக்கும் முதல் சாயா?" என்றார் வர்கீஸ் முதலாளி. சேட் கடிகாரத்தைப் பார்த்தார். அது அதைவிட மோசம்.

சந்தின் நடுவில் நின்றேன். பின்னால் ஓர் ஆட்டோ வந்து ஹாரன் அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. அந்த எரிச்சலில்தான், அத்தா, வாய் திறந்துவிட்டது.

"எனக்கு ரெண்டு காலுதான் இருக்கு. ரெண்டு வாசலுக்கும் ஒண்ணா வர முடியாது. வேணும்னா இங்க வந்து எடுத்துக்கோங்க!"

சேட் செருப்பைத் தேடினார். அதைப் பார்த்த வர்கீஸ் முதலாளி வெறுங்காலோடு இறங்கினார். இருவரும் தட்டருகே வந்து, முதலில் கை நீட்ட மனமில்லாமல் நின்றார்கள். சாயாவில் ஆடை கட்டியது.

"ரெண்டு பேரும் எடுத்துத் தொலையுங்க, எனக்குப் படகு ஜெட்டிக்குப் போணும்!" என்றார் ஆட்டோக்காரர்.

"ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று எண்ணினேன். எடுத்தார்கள்.

இப்போது தினமும் அப்படித்தான். மாமா கடையைப் பற்றிப் பேசுவதில்லை. ஆட்டோக்காரர்கள் அந்த நேரத்தில் வேறு வழியாகப் போகிறார்கள்.

நேற்று நேரமாகியும் சேட் இறங்கி வரவில்லை. வர்கீஸ் முதலாளி டம்ளரைத் தொடாமல் அவர் வாசலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஆறிப் போகுது முதலாளி."

"ஆறட்டே மோளே. அவனுக்கு முட்டுவலி. மெதுவாத்தான் இறங்குவான்."

தட்டைப் பிடித்தபடியே நின்றேன். கை கடுத்தது. கீழே வைக்கத் தோன்றவில்லை.