பதினான்கு நாள் நோட்டு

ரிட்டயர் ஆகிவிட்டேன், குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். சமையலறை மேல்தட்டைத் துடைக்கும்போது உன் நோட்டு கையில் விழுந்தது. அட்டையில் மருந்து சிந்திய கறை. உள்ளே தேதி, வேளை, கொடுத்தவர் கையெழுத்து, அடுத்துப் பொறுப்பு ஏற்பவர் கையெழுத்து.

நம் மகளுக்கு அப்போது ஒன்பது வயது. சாப்பாட்டுத் தட்டைக் கண்டாலே மேல்வயிற்றைப் பிடித்துக்கொள்வாள். ஸ்கூலுக்கு மட்டம் போட நடிக்கிறாள் என்றேன் நான். அதை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது. நீ என்னோடு சண்டை போடாமல் அவளைப் பாண்டிச்சேரிக்கு அழைத்துப் போனாய். குழாய் விட்டுப் பார்த்த டாக்டர், வயிற்றில் கிருமி, அதனால் புண் என்றார். பதினான்கு நாள், காலையும் இரவும் மூன்று மருந்து. பாதியில் விட்டால் அடுத்த முறை இதே மருந்துக்குக் கிருமி அடங்காது என்றும் சொன்னார்.

மூன்றாம் நாளே கோட்டை விட்டோம். நைட் ஷிப்ட் முடிந்து வந்த நான், நீ கொடுத்திருப்பாய் என்று படுத்துவிட்டேன். நீயோ நான் கொடுத்துவிட்டதாக நினைத்திருக்கிறாய். மதியம்தான் தெரிந்தது. அன்றே இந்த நோட்டை வாங்கி, மைன்ஸில் ஷிப்ட் மாறும்போது நாங்களும் எங்களை மாற்ற வரும் ரிலீவரும் கையெழுத்துப் போடும் ரிஜிஸ்டர் மாதிரியே கோடு போட்டாய். கையெழுத்துப் போடாமல் எனக்குக் காபி கிடையாது.

ஆறாம் நாள் வலி நின்றது. மருந்து கசக்கிறது என்று அவள் அழுததில் எனக்கு மனசு கேட்கவில்லை. "சரியாயிடுச்சே, போதும் விடு" என்றேன். நீ ஸ்பூனைக் கீழே வைக்காமல் கேட்டாய்: "மெஷின் நல்லா ஓடிகினு இருக்குதுன்னு, ரிலீவர் வராம வுட்டுட்டு வூட்டுக்கு வந்துடுவீங்களா?"

என் சர்வீஸில் எந்த இன்சார்ஜும் என் வாயை அப்படி அடைத்ததில்லை.

பதினான்கு நாளும் முடித்தாய். பிறகு மறுபடி பாண்டிச்சேரி போய், ஊதச் சொல்லி எடுத்த டெஸ்டில் கிருமி இல்லை என்று வந்தது. திரும்பும்போது வடலூரில் பஸ் மாற இறங்கினோம். "பசிக்குதும்மா" என்றாள். எத்தனை மாதம் கழித்துக் கேட்ட வார்த்தை! தோசைக் கடையில் அவள் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தாய், உன் தோசை ஆறிப்போனது.

நீ போய் இரண்டு வருஷமாகிறது. அடுத்த வாரம் அவள் காலேஜ் ஹாஸ்டலுக்குப் போகிறாள். அங்கே உடம்புக்கு வந்தால் மாத்திரையைப் பாதியில் நிறுத்தாதே என்று நேற்றும் சொன்னேன். "அம்மா மாதிரியே பேசறப்பா" என்று சிரித்தாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

நோட்டின் கடைசி வரியில் உன் கையெழுத்து மட்டும்தான் இருக்கிறது. பக்கத்தில், பொறுப்பு ஏற்பவர் இடம் காலி. இன்று அதில் நான் கையெழுத்துப் போட்டேன். எனக்கு ரிலீவர் வர வேண்டாம்.