பாறையையும் சேர்த்து எடுத்த படம்

சுபானு ஆண்டு, மார்கழி 5

முன்னின்று காக்கும் ஆனைமுகன் அடி போற்றி. காணும் கண்ணில் ஒளியாயும் காணப்படும் பொருளில் உருவாயும் நிற்கும் ஈசன் தாள் போற்றி. இன்று கண்டதைக் காட்டியருளியவனும் அவனே.

மலைமேல் கடுங்குளிர். கேமராவின் பேட்டரி குளிரில் செத்துவிடும் என்பதால் இரவு முழுதும் அதை வேட்டி மடிப்பில் வைத்துக்கொண்டே உறக்கம். தேயிலைத் தோட்டத்தில் கணக்கெழுதும் நண்பர் சின்னையா வீட்டில் தங்கல். அவர் மனைவி தந்த சுக்குக் காப்பி அமிழ்தம்.

கொண்டு சென்றவை: கேமரா, நீள லென்ஸ், பிலிம் சுருள், கம்பளிக் குல்லாய், திருநீற்றுப் பை. மறந்தவை: கையுறை, கண்ணாடி துடைக்கும் துணி.

விடியலில் ஊற்றருகே புதர் மறைவில் அமர்ந்தேன். மூச்சுப் பட்டு லென்ஸில் ஆவி. மூச்சடக்கிக் காத்தேன். பனித்திரையை விலக்கிக்கொண்டு ஒரு கடமான் பிணை வந்தது. பின்னே அதன் கன்று. தாய் நீரில் வாய் வைக்குமுன் செவிகளைத் திருப்பி நாற்புறமும் கேட்டது. கன்றுக்கு அந்தப் பொறுமை இல்லை. தாயின் வயிற்றடியில் நுழைந்து முந்திக் குடித்தது. மேலே இரண்டாய்ப் பிளந்த பெரும்பாறை, அதன் பிளவில் வளைந்து நிற்கும் நாவல் மரம். அனைத்தும் ஒரே சட்டத்துள். விரல் மரத்துப்போயிருந்தது. பொத்தானை அழுத்தியதை ஓசையால் மட்டுமே அறிந்தேன்.

ஒரு குறை. கோயிலில் மார்கழிப் பாராயணத்தை முன்னின்று நடத்த வேண்டியவன். இன்று என் இடம் காலி. ஈசனை மலையில் கண்டேன் என்று மனத்துக்குச் சமாதானம் சொன்னேன். மனம் முற்றும் ஒப்பவில்லை.

மார்கழி 8

பனி குறைவு. கீழே ஊரில், கே.கே.பட்டியில் என் தோட்டத்துத் திராட்சைக்கு மருந்தடிப்பு. வடமூலைப் பந்தலில் சாம்பல் நோய். ஆள் ஒருவன் வரவில்லை. பிற்பகல் டவுன் பஸ்ஸில் கம்பம்.

ஸ்டுடியோ வைத்திருக்கும் செல்வம் பிலிமைக் கழுவி வைத்திருந்தான்.

"ஐயா, மான மட்டும் வெட்டிப் பெருசு பண்ணித் தாரேன். பாறையும் மரமும் யாருக்கு வேணும்?"

மறுத்தேன். நம் பழஞ்செய்யுள் மரபில் நிலமும் பொழுதுமே முதற்பொருள். மானும் மரமும் அதன்பின் வரும் கருப்பொருள். நிலத்தை அறுத்தெறிந்துவிட்டு மானை நிறுத்தினால் அது மான் அன்று, பொம்மை. இவ்வளவையும் நின்றபடியே அவனுக்கு விளக்கினேன்.

"பாடம் எடுக்காதீக ஐயா, கடையில ஆளு நிக்கிது. முழுசாவே போட்டுருவோம்."

பெரிய அளவில் இரண்டு பிரதி. ஒன்றைக் கடை முகப்புக் கண்ணாடியில் வைக்க அனுமதி கேட்டான். கேட்க மாட்டானா என்று அதுவரை காத்திருந்தவன் நான். ஆனாலும் சற்றுத் தயங்குவதுபோல் நின்று இசைந்தேன். இந்த வயதில் இது வேறு.

மார்கழி 11

மூட்டம். முழங்கால் வலி. கம்பத்தில் வேலை எதுவும் இல்லை, ஆயினும் போனேன். கண்ணாடி முன் கூட்டம். சற்றுத் தள்ளி நின்று கேட்டேன்.

"ஏலே, நம்மளயே மொறைக்குது பாரு!"

"ஒன்னய இல்லடா, ஒன் சட்டைய."

"இது கேரளாப் பக்கமா இருக்கும்."

"போடா. நம்ம மலைதேன். அந்த ஒடஞ்ச பாறைய எங்கயோ பாத்திருக்கேன்."

இல்லாளின் தம்பி முருகேசனும் அங்கே நின்றான். தோளில் கை வைத்துத் தேநீர்க் கடைக்கு அழைத்துச் சென்றான். "படம் அம்சமா இருக்கு மச்சான். எங்கன எடுத்தீக?" சொன்னேன். தோட்டத்திலிருந்து இறங்கும் தடம், ஊற்று, பனி விலகுமுன் அவை நீருக்கு வரும் வேளை, காற்றுக்கு எதிர்ப்புறம் அமர வேண்டிய புதர், அனைத்தும். அவன் கவனமாகக் கேட்டான். இவனுக்கு இத்தனை இரசனையா என்று மகிழ்ந்தேன்.

மார்கழி 15

வானம் தெளிவு. காலைப் பாராயணம் இனிதே முடிந்தது. இன்று குரல் கட்டவில்லை. வெண்பொங்கலில் மிளகு அதிகம்.

வீடு திரும்பினால் வாயிலில் முருகேசன், துணி மூடிய தூக்குச்சட்டியுடன். அவனுடைய கோம்பை நாய் அச்சட்டியையே நோக்கி நாவைச் சுழற்றிக்கொண்டு.

"மார்கழின்னு தெரியும் மச்சான், உள்ள கொண்டாரல. அக்காவுக்கு மட்டுந்தேன்."

என்ன என்று கேட்டேன்.

"மான். ஒங்க படத்துல நின்ன பெட்டைதேன். பாறையப் பாத்ததுமே எடம் பாதி புரிஞ்சுபோச்சு, மீதிய நீங்களே சொல்லிட்டீக. வரிசையாச் சுருக்குக் கம்பி கட்டுனோம், மறுநாளே விழுந்துருச்சு. எல்லாம் ஒங்க புண்ணியம் மச்சான்."

அவன் சொல்லில் கிண்டல் இல்லை. மெய்யான நன்றி. அதனைத்தான் தாங்க இயலவில்லை.

கன்று?

"அது தப்பிச்சிருச்சு. தாயத் தூக்கிட்டு வாரப்ப தூரத்துல நின்னு பாத்துக்கிட்டே இருந்துச்சு. எங்க போகும், தண்ணிக்கு அங்கனதேன வரணும். கம்பி அப்பிடியே கெடக்கு. பொங்கலுக்கு ஆகும்."

கம்பிகளை அவிழ்த்துவிடு என்றேன். சிரித்தான். "நீங்க சாமி கும்பிடுங்க மச்சான், நாங்க சாப்பிட்டுக்கிறோம்."

இல்லாள் சட்டியைத் தொடவில்லை. திருப்பி அனுப்பினாள்.

மாலைப் பூசையில் மலர் எடுக்கக் கை கூசியது. கொன்ற கை வேறு. வழி சொன்ன வாய் என்னுடையது. அதே வாயால்தான் காலையில் பாடினேன். செல்வம் வெட்டித் தருகிறேன் என்ற பாறையையும் மரத்தையும் இலக்கணம் பேசிக் காப்பாற்றினேன். அவற்றுக்கு ஒரு கேடும் இல்லை. அங்கேயே இருக்கின்றன.

மார்கழி 16

பனி மிகுதி. காலையில் செல்வத்திடம் போய்ப் படத்தைக் கண்ணாடியிலிருந்து எடுக்கச் சொன்னேன். "நல்லா ஓடிக்கிட்டிருக்குய்யா, ஏன்?" என்றான். எடு என்றேன் மீண்டும். எடுத்துவிட்டான்.

முருகேசனை அவன் தோட்டத்தில் மீண்டும் கண்டு கேட்டேன். "ஒரு மானுக்கா இம்புட்டு?" என்று மடை வெட்டப் போய்விட்டான். அந்த இறக்கத்தில் தனியே போய்க் கம்பி தேட என் முழங்காலுக்கு வலுவில்லை. சின்னையாவை அனுப்பி அவர் காலும் சிக்கினால்? எஞ்சியது ஒரே வழி. நாளை வனத்துறை அலுவலகம். இல்லாளிடம் சொன்னேன்.

அவள் அழவில்லை. அரிசி புடைத்துக்கொண்டே கேட்டாள்: "தையில அவன் மகளுக்குக் கல்யாணம். மாப்ள வீட்டாக முன்னாடி அவனப் போலீசு வண்டியில ஏத்தணுமா? எடத்தச் சொன்னது நீங்க. செயிலுக்குப் போறது அவனா?"

முறத்தை ஒருமுறை தட்டினாள்.

"எந்தம்பியக் காட்டிக்குடுத்துட்டு எந்தச் சாமி முன்னாடி நிப்பீக?"

காட்டிக்கொடுக்காமலும் எந்தச் சாமி முன் நிற்பேன் என்று கேட்க எண்ணினேன். கேட்கவில்லை. அறநூல் அத்தனையும் நெஞ்சில் உண்டு. இன்று ஒன்றும் துணைக்கு வரவில்லை. கன்று நீருக்கு வரும் வேளை மட்டும் தெரியும்.

மார்கழி 17

குளிர் காற்று. பாராயணத்துக்குச் செல்லவில்லை. முதல் பஸ்ஸுக்குப் புறப்பட்டேன். செருப்பணிந்து வாயிற்கதவைத் திறந்தால் முருகேசன். இரவே மலையேறியிருக்கிறான்; கால் முழுதும் அட்டை கடித்த இரத்தம். இல்லாள் அவனிடம் எப்போது பேசினாள் என்று தெரியாது. கம்பிச் சுருளை என் காலடியில் போட்டான்.

"எல்லாம் எடுத்துட்டேன். எண்ணிப் பாத்துக்கங்க. ஒங்களுக்காக இல்ல, அக்காவுக்காக."

"கன்று…" என்று தொடங்கினேன்.

"காப்பி போடுக்கா" என்று உள்ளே போய்விட்டான்.

வனத்துறைக்குப் போகவில்லை. அவனுக்கு இரங்கி என்று எழுதலாம், எழுதினால் பொய். போக வேண்டாம் என்றானதும் எனக்குள் எழுந்தது நிம்மதி. அதை ஈசன் பார்த்துக்கொண்டிருந்தான்.

கம்பிகளைத் தோட்டத்து மூலையில் புதைக்கக் குழி தோண்டினேன். ஒன்றொன்றாய் உள்ளே இட்டேன். ஒரு சுருக்கு மற்றவற்றைவிடச் சிறியது, இறுகியிருந்தது. அதில் மயிர் ஒட்டியிருந்தது. மென்மையான மயிர், செம்பழுப்பு.

தாயினுடையதாகவும் இருக்கலாம். அடுக்களையில் முருகேசன் காப்பி குடித்துக்கொண்டிருந்தான். போய்க் கேட்டிருக்கலாம். மண்ணைத் தள்ளி மூடினேன்.

இந்த ஏட்டைப் பின்னாளில் எவர் விரித்துப் படிக்கினும் அவர் நலம் பெறுக. அவர் மனையில் ஊற்று வற்றாதிருக்க. அங்குள்ள பிள்ளைகள் எல்லாம் தாயோடு வாழ்க.