சேனை தொட்ட விரல்

மாமா,

நேற்று கடையில் உங்கள் பேத்தி ஒரு கருப்பட்டியை எடுத்தாள். விலைகூடக் கேட்காமல் படாரென்று உடைத்து மோந்து பார்த்தாள். "ஏளா, வாங்குமுன்ன உடைக்கியே!" என்று கடைக்கார அண்ணாச்சி பதறினார். "உள்ள மண்ணு கிடந்தா?" என்று அவரையே கேட்டாள். அந்த வாசனையும் அந்தக் கேள்வியும் சேர்ந்து என்னை உங்களிடம் கொண்டுவந்து விட்டன.

உடன்குடியில் அத்தனை வருடம் கருப்பட்டி வியாபாரம் செய்தும் உடைத்துப் பார்க்காமல் நீங்கள் ஒன்றும் வாங்கியதில்லை. ஆட்களையும் அப்படித்தான். மகளை எனக்குத் தரும் முன் நாலு ஊரில் விசாரித்தீர்கள்.

இவள் குறைமாதத்தில் பிறந்த அன்று, கண்ணாடிப் பெட்டிக்குக் கொண்டுபோகுமுன் நர்ஸ் ஒரு நிமிடம் காட்டினார். அவர் திரும்பிய நேரத்தில் கருப்பட்டித் தண்ணீரை விரலில் தொட்டு இவள் நாக்கில் வைத்தீர்கள். இப்படி முதல் இனிப்பாகச் சேனை தொடுபவரின் குணம் பிள்ளைக்கு வரும் என்பார்களே, அந்த ஆசை உங்களுக்கு. நான் மட்டும்தான் பார்த்தேன்.

ஐந்தாம் நாள் ரத்தத்தில் கிருமி என்றார்கள். வழக்கமான மருந்து எதற்கும் அது மசியவில்லை. கடைசியாக எழுதிய ஊசிமருந்தின் விலை, துறைமுகத்தில் குமாஸ்தாவான என்னால் எட்டிப் பார்க்க முடியாதது. நீங்கள் ஆஸ்பத்திரியைச் சந்தேகப்பட்டீர்கள். "போட்டேன்னு சொல்லுதான், போட்டானான்னு யாருக்குத் தெரியும்? காலிக் குப்பிய கேட்டு வாங்குங்க மாப்ள." ஓலைப்பெட்டியில் குப்பிகள் சேர்ந்தன. எனக்கோ உங்கள் விரல்மேல்தான் சந்தேகம்.

ஒரு நாள் டாக்டர் கேட்டார்: "பிறந்ததும் வாயில ஏதாவது வச்சீங்களா?" நீங்கள் என் கையைப் பிடித்து எழுப்பினீர்கள். வெளியே வந்து, "என் வெரலுதான் மாப்ள, புள்ளையக் கெடுத்துட்டேன்" என்று அழுதீர்கள். அதன்பிறகு குப்பி கேட்கவில்லை. ஊசிமருந்துக்காக உங்கள் பனை விளையை, அந்தத் தோப்பு முழுவதையும், விற்க ஆள் பார்த்தீர்கள்.

பத்திரம் எழுத இருந்த அன்று காலை, பக்கத்துப் பெட்டிக் குழந்தையின் அப்பா, துறைமுக லாரி டிரைவர், என்னிடம் வந்தார். "எங்க புள்ளைக்கும் இதே கிருமிதாம்ணே. அந்தக் கடைசிப் பெட்டிப் புள்ளைக்கு உங்க புள்ள வருமுன்னயே இதேதான். இந்த ரூமுக்குள்ளயே சுத்துது போல." கேட்டுப் பார்த்தேன்; அந்தப் பிள்ளைகளுக்கு யாரும் சேனை தொடவில்லை. கிருமி உங்கள் விரலிலிருந்து வந்ததில்லை.

கீழே வந்தேன். பத்திரப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள். "டாக்டர் ஏதும் சொன்னாரா மாப்ள?"

"ஒன்றுமில்லை மாமா" என்றேன்.

சொல்லியிருந்தால் ஆஸ்பத்திரியோடு சண்டைக்குப் போயிருப்பீர்கள். விளை விற்பது நின்றுபோகும், மருந்தும் நின்றுபோகும் என்று பயந்தேன். அது பாதி உண்மைதான். பிள்ளை பிழைத்து வீட்டுக்கு வந்தபிறகும் நான் சொல்லவில்லையே. விளை போனதற்கு என்ன பதில் சொல்வது என்று நாளைக் கடத்தினேன். அதற்குள் நீங்கள் போய்ச் சேர்ந்துவிட்டீர்கள்.

இவளுக்கு ஒரு வாய் சோறு நீங்கள் ஊட்டியதில்லை. தூக்குமுன் கையைச் சோப்புப் போட்டு மூன்று முறை கழுவுவீர்கள். தாத்தாவுக்குச் சுத்தம் அதிகம் என்று இவள் இன்றும் சிரிக்கிறாள். நானும் கூடச் சிரிக்கிறேன்.

ஓலைப்பெட்டி என்னிடம்தான் இருக்கிறது. குப்பிகளை அவ்வப்போது எடுத்துத் துடைத்து வைப்பேன். நேற்று உடைத்த கருப்பட்டியில் ஒரு துண்டை இவள் என் வாயில் வைத்து, "நல்லதுதாம்ப்பா, சந்தேகப்படாதீங்க" என்றாள். ஊரையே உடைத்துப் பார்த்த நீங்கள், மாமா, என்னை மட்டும் ஏன் அன்றைக்கு இன்னொரு தரம் கேட்காமல் விட்டீர்கள்?