குதிகால் உள்ள பொம்மை

என் அண்ணாவுக்கு,

எங்கள் கண்காட்சி மெல்போர்னிலிருந்து கிளம்பி இந்த வாரம் பெண்டிகோவுக்கு வந்திருக்கிறது. நாஜிகளுக்குப் பயந்து ஒளிந்து கிடந்த நம்மைப் போன்ற யூதப் பிள்ளைகளின் பொருட்களோடு என் பொம்மையும் கண்ணாடிப் பெட்டிக்குள் ஊர் சுற்றுகிறது. நீ ஒரு தடவைகூட வந்து பார்க்கவில்லை. போகட்டும்.

நேற்று ஒரு பள்ளிக்கூடத்துச் சிறுமி கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு, "ஐய, இதோட தலைக்குப் பின்னாடி குதிகால் இருக்கு! யாரோட சாக்ஸ் இது?" என்றாள்.

"எங்க அண்ணனோடது" என்று சொல்லிவிட்டேன்.

கண்காட்சியை நடத்தும் தாலியா திகைத்துப்போனாள். "அம்மா செஞ்சு அனுப்பினதுன்னுல்ல அட்டையில எழுதியிருக்கோம்? நீங்கதானே சொன்னீங்க!"

நீ சொன்னதைத்தான் நான் சொன்னேன். அந்த வைக்கோல் பரணில், "அம்மா குடுத்தனுப்பினாங்க" என்று நீ பொம்மையை நீட்டியபோது உன் இடது கால் வெறுங்காலாக இருந்தது. எனக்கு ஐந்து வயதுதான். ஆனால் கண் இருந்ததே. அந்தக் குளிருக்கு நீ பறிகொடுத்த இரண்டு கால்விரல்களைப் பற்றி நாம் பேசியதே இல்லை.

அட்டையை மாற்றச் சொல்லிவிட்டேன். திட்டாதே.

இத்துடன் கம்பளி சாக்ஸ் ஒரு ஜோடி அனுப்புகிறேன், நானே பின்னியது. இந்தத் தடவை இரண்டையும் நீயே போட்டுக்கொள்.

உன் தங்கை